மாமல்லபுரம் அர்ச்சுனன் தபசு: டிக்கெட் இல்லாத பாறைக்கு ஒரு காலைப்பொழுது

மாமல்லபுரத்தில் வண்டியை நிறுத்தியதும் பெரும்பாலோர் முதலில் தேடுவது டிக்கெட் கவுண்டரைத்தான். கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், 2019 அக்டோபரில் பிரதமர் மோதி–சீன அதிபர் ஷி ஜின்பிங் சந்திப்பு நடந்த பிறகு வெண்ணெய் உருண்டைப் பாறை என்று வரிசையாக டிக்கெட் கேட்கும் இடங்கள். இந்தியர்களுக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய், 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை. போய்வந்தவர்கள் போடும் படங்களும் இந்த மூன்று இடங்களைச் சுற்றியே இருக்கும். ஆனால் ஊரின் ஆகச் சிறந்த சிற்பமான அர்ச்சுனன் தபசு மேற்கு ராஜ வீதியில், தலசயனப் பெருமாள் கோயிலுக்குப் பின்புறம், சாலையோரமாக நிற்கிறது. அதை வேலிக்கு வெளியே நின்று பார்க்கக் காசு வேண்டாம். பலரும் அதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கி, முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அதற்குக் குறைந்தது ஒரு மணி நேரமாவது கொடுக்க வேண்டும், அதுவும் காலையில், டிக்கெட் வாங்குவதற்கு முன்னால்.

இரண்டு பெரும் பாறைகள், நடுவில் இயற்கையாக விழுந்த ஒரு பிளவு. ஏறத்தாழ 29 மீட்டர் அகலம், 13 மீட்டர் உயரம். கிட்டத்தட்ட நான்கு மாடி உயரத்துக்கு தேவர்கள், முனிவர்கள், கின்னரர்கள், நாகர்கள், யானை, சிங்கம், மான், குரங்கு என நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள். பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் காலம், அதாவது 7-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி என்பது பரவலான கருத்து. இல்லை, மாமல்லபுரம் முழுவதுமே இரண்டாம் நரசிம்மவர்மனான ராஜசிம்மன் செய்தது என்று 1962-இல் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி எழுதினார், அந்த விவாதம் இன்னும் முடியவில்லை. எந்தப் பக்கம் நின்றாலும் இந்தச் சிற்பத்துக்கு ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு வயதாவது இருக்கும்.

அவ்வளவு வயதுக்கு அது நன்றாகவே இருக்கிறது. கடற்கரைக் கோயிலின் சுற்றுச்சுவர் நந்திகளையும் வெளிச்சுவர்ச் சிங்கங்களையும் பார்த்துவிட்டு இங்கே வந்தால் வித்தியாசம் உடனே தெரியும். அங்கே உப்புக்காற்றும் மணலும் முகங்களை வழித்து எடுத்துவிட்டன. பல உருவங்களுக்குக் கண், மூக்கு எல்லாம் மழுங்கிப்போய்விட்டன. கல்லுக்குள் இறங்கிய உப்பை வெளியே இழுக்க, தொல்லியல் துறை காகிதக்கூழைச் சுவரில் அப்பி உலரவைத்து உரித்தெடுக்கும் வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது. தபசுப் பாறையோ கடலிலிருந்து அரைக் கிலோமீட்டருக்கு மேல் உள்ளே தள்ளியிருக்கிறது, இடையில் கோயிலும் ஊரும் மறைப்பாக நிற்கின்றன. அதனால்தான் ஒரு பூனையின் விலா எலும்பு வரை இன்றும் எண்ண முடிகிறது. சுருக்கமாகச் சொன்னால், காசு கொடுத்துப் பார்ப்பதைவிடச் சும்மா பார்ப்பது இங்கே தெளிவாக இருக்கிறது.

பாறை கிழக்கு பார்த்தது. எப்போது போவது என்பதை முடிவு செய்வது இந்த ஒரு விஷயம்தான். சூரியன் உதித்தவுடன் வெயில் நேர் முகத்தில் விழும், நிழலே இல்லாமல் எல்லாம் ஒரே தளமாகத் தெரியும். அதிலும் எதிர்ப்புறக் கட்டடங்களும் மரங்களும் இருப்பதால் முதலில் மேல் வரிசைக்குத்தான் வெளிச்சம் வரும். ஏழரை, எட்டு மணிக்கு மேல் சூரியன் ஏற ஏற ஒவ்வொரு உருவத்துக்கும் கீழே ஒரு நிழற்கோடு பிறக்கும், புடைப்பு தெரியத் தொடங்கும். எட்டிலிருந்து பத்து வரை நல்ல நேரம். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தென்கிழக்கில் இருப்பதால், பாறையைப் பார்த்து நிற்பவருக்கு இடப்பக்கத்திலிருந்து சாய்வாக வெளிச்சம் வரும். ஆழமாகக் குடைந்த யானைகள் அந்த வெளிச்சத்தில் பாறையை விட்டு வெளியே வருவதுபோல நிற்கும். ஆனி, ஆடியில் அது தலைகீழ். வலப்பக்கத்திலிருந்து வரும்.

பதினொன்றுக்கு மேல் போனால் வெயில் உச்சியிலிருந்து செங்குத்தாகப் பாறையை உரசி இறங்கும். நெற்றியும் மூக்கும் மட்டும் பளிச்சென்றும் மற்ற இடமெல்லாம் கறுப்பாகவும் தெரியும். சுற்றுலாப் பேருந்துகள் சரியாக அந்த நேரத்தில்தான் வந்து இறக்குகின்றன. சித்திரை, வைகாசியில் அப்போது தரையும் பாறையும் சேர்ந்து கொதிக்கும். பிற்பகலில் முகப்பு முழுவதும் தன் நிழலிலேயே இருக்கும். படத்துக்குச் சப்பையான வெளிச்சம்தான், ஆனால் கண் கூசாமல் நிதானமாகப் பார்க்க அது மோசமில்லை. காலையில் வர முடியாதவர்கள் மூன்றரை மணிக்கு மேல் வரலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கல் நனைந்து கறுத்துவிட்டால் நுணுக்கமான கோடுகள் மறைந்துவிடும், காயும்வரை பொறுக்க வேண்டும்.

எங்கே நிற்பது என்பதும் முக்கியம். வேலியை ஒட்டி நின்றால் யானை பெரிதாகத் தெரியும், மேல் வரிசை கண்ணுக்கு எட்டாது, கழுத்துதான் வலிக்கும். முதல் பார்வை சாலையின் எதிர் ஓரத்திலிருந்து இருக்கட்டும். 29 மீட்டர் அகலத்தையும் ஒரே படத்தில் அடக்கச் சாதாரண ஃபோன் கேமராவின் முதன்மை லென்ஸுக்கு ஏறக்குறைய 21 மீட்டர் பின்னால் போக வேண்டும். அகல லென்ஸில் அதில் பாதி தூரம் போதும், ஆனால் ஓரத்து உருவங்கள் இழுபட்டுக் கோணலாகும். மேல் வரிசைக்கு 8 மடங்கு பைனாகுலர் ஒன்று கைவசம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஃபோனில் 3 மடங்கு ஜூம் செய்து, திரையில் பார்த்துக்கொண்டே வரிசை வரிசையாக நகர்த்தலாம். ஆள் நிற்கும் படம் வேண்டுமென்றால் பாறைக்கு முன் நடுவில் நிறுத்தாதீர்கள், பிளவு மறைந்துவிடும். இடது ஓரத்தில் நிறுத்துங்கள்.

அந்தப் பிளவிலிருந்துதான் பார்க்கத் தொடங்க வேண்டும். இது விளங்காவிட்டால் மற்றதெல்லாம் உருவங்களின் கூட்டமாகவே தெரியும். பிளவுக்குள் கை கூப்பியபடி நாகராஜன், அவனுக்குக் கீழே நாகினி. இருவருக்கும் இடுப்புக்கு மேல் மனித உடல், தலைக்கு மேல் விரித்த பாம்புப் படம், கீழே வழுக்கி நீளும் பாம்பு வால். பாறைக்கு மேலே நீர்த்தொட்டி ஒன்று இருந்ததற்கான தடயம் உண்டு. விழாக் காலங்களில் அதைத் திறந்து பிளவு வழியாகத் தண்ணீர் விட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். நாகங்களின் மேல் தண்ணீர் வழிந்தால் அவை அசைவதுபோலவே தோன்றும். இப்போது பாறையின் இரு பக்கத்தையும் பாருங்கள். பறப்பவர், நடப்பவர், விலங்கு என்று ஏறக்குறைய எல்லாமே அந்தப் பிளவை நோக்கித்தான் வருகின்றன. கந்தர்வ இணைகள் ஒரு காலை மடக்கிக் காற்றில் மிதந்து வருகிறார்கள். இடுப்புக்குக் கீழே பறவைக் கால்களோடு கின்னரர்கள். எங்கோ இயற்கை விட்ட ஒரு வெடிப்பை, சிற்பி முழுக் கதைக்கும் நடுநாடியாக்கிவிட்டான்.

பிளவுக்கு இடப்பக்கம், பாதி உயரத்துக்கு மேல், ஒற்றைக்காலில் நின்று இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கியிருக்கும் தவசி. தாடி, ஒட்டிய வயிறு, எண்ணிவிடக்கூடிய விலா எலும்புகள். பக்கத்திலேயே நான்கு கரங்களோடு சிவன், ஒரு கை வரம் தரும் நிலையில். சுற்றிலும் பூதகணங்கள், அவற்றில் ஒன்றுக்கு வயிற்றிலே முகம். இவர்களுக்கு நேர் கீழே சின்னதாக ஒரு கோயில், உள்ளே திருமால் நிற்கிறார். அதன் முன் முனிவர் ஒருவரும், தலை உடைந்த சீடர்களும் அமர்ந்திருக்கிறார்கள். பல்லவர் காலக் கோயில் விமானம் எப்படி இருந்தது என்று அறிய அந்தக் கல் கோயிலையே ஒரு மாதிரியாக எடுத்துக்கொள்ளலாம். பிளவுதான் இங்கே ஆறு, அதன் கரை என்பதால் கீழே குளித்து எழுந்தவர்களும் உண்டு. ஒருவர் ஈரத் துணியை முறுக்கிப் பிழிகிறார், ஒருவர் தோளில் குடம் சுமக்கிறார், இன்னொருவர் விரல்களைக் கோத்து அதன் இடைவெளி வழியாகச் சூரியனைப் பார்க்கிறார். துணி பிழிபவரின் கையில் விழும் முறுக்கைப் பார்க்க வேலியருகே போங்கள். இதையெல்லாம் தூரத்திலிருந்து பார்க்க முடியாது. இடப்பாறையின் கீழ்ப்பகுதியில் பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மானையும் அப்போதே தேடிவிடலாம்.

வலப்பக்கம் யானைகள். பெரிய ஆண் யானை ஏறத்தாழ நிஜ அளவு. அதன் அடியில் குட்டிகள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. எல்லோரும் படமெடுப்பது அங்கேதான். அந்த யானையின் தும்பிக்கைக்கு முன்னால், கீழே, தவம் செய்யும் பூனையைத் தவறவிட்டுவிடாதீர்கள். மேலே அந்தத் தவசி நிற்கும் அதே நிலையில் முன்னங்கால்களை உயர்த்தி, விலா எலும்பு தெரிய, கண்ணை மூடி நிற்கிறது. சுற்றிலும் எலிகள் அதை வணங்குகின்றன. கங்கைக் கரையில் கைகளைத் தூக்கித் தவ வேடம் போட்டு, நம்பி வந்த எலிகளை ஒவ்வொன்றாகத் தின்ற பூனையின் கதை மகாபாரத உத்தியோக பருவத்தில் வருகிறது. துரியோதனன் அதை உலூகன் வாயிலாகத் தருமனுக்குச் சொல்லி அனுப்பிக் குத்திக்காட்டுவான். அரசன் எடுப்பித்த இவ்வளவு பெரிய பக்திச் சிற்பத்தின் நடுவில், போலிச் சாமியாரைக் கிண்டல் செய்யும் துணிவு சிற்பிக்கு இருந்திருக்கிறது. குழந்தைகளோடு போனால் முதலில் பூனையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், பிறகு அதே நிலையில் நிற்கும் மனிதரைத் தேடச் சொல்லுங்கள். அரை மணி நேரம் அவர்கள் அங்கிருந்து நகரமாட்டார்கள்.

பாறைக்கு வலப்புறம் தனிக்கல்லில் குரங்குக் குடும்பம் ஒன்று இருக்கிறது. தாய் குட்டிக்குப் பால் கொடுக்க, ஆண் குரங்கு தாயின் தலையில் பேன் பார்க்கிறது. பெரிய பாறையின் கூட்டத்தில் சோர்ந்த கண்ணுக்கு அது நல்ல ஓய்வு.

தவம் செய்வது யார்? வழிகாட்டிகள் பெரும்பாலும் ஒரு பெயரைச் சொல்லி முடித்துவிடுவார்கள். சிவனிடம் பாசுபத அஸ்திரம் கேட்டு நிற்கும் அர்ச்சுனன் என்பார் ஒருவர், கங்கையைக் கொண்டுவர நிற்கும் பகீரதன் என்பார் இன்னொருவர். தண்ணீர், நாகம், ஆற்றங்கரை எல்லாம் பகீரதன் பக்கம் சாய்கின்றன. ஆனால் கங்கையைத் தாங்கும் சிவனென்றால் சடையில் நீரை ஏற்பதுதானே வழக்கம்? பல்லவச் சிற்பிக்கு அது தெரியாததல்ல. திருச்சி மலைக்கோட்டை மேல்குகையில் மகேந்திரவர்மன் காலத்துக் கங்காதரர் ஒரு கையால் சடையை நீட்டிப் பிடித்திருக்கிறார். இங்கே சிவன் அப்படிச் செய்யவில்லை, வெறுமனே வரம் தருகிறார். ஆகவே அர்ச்சுனன் என்ற பெயருக்கும் வலு உண்டு. இரண்டு கதையும் ஒரே கல்லில் படிக்கும்படி வேண்டுமென்றே செய்தார்கள் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். பாறையின் முன்னால் நின்று பார்த்தால் அதுதான் அதிகம் பொருந்துகிறது. வழிகாட்டி அமர்த்தினால், தொடங்குமுன் “பூனையும் நாகமும் சேர்த்துச் சொல்வீங்களா?” என்று கேட்டுப் பாருங்கள். தயங்குகிறவரை விட்டுவிடலாம். கட்டணத்தையும் முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள்.

அதே சாலையில் தெற்கே சற்று நடந்தால் கிருஷ்ண மண்டபம். கோவர்த்தனத்தைத் தூக்கி நிற்கும் கண்ணன், பால் கறக்கும் ஆயன், கறக்கும்போதே கன்றை நக்கும் பசு. பசுவின் நாக்கும் கன்றின் கழுத்தும் தொடும் இடம் இந்த ஊரில் பார்க்க வேண்டிய ஒரு சாண் கல். இதுவும் முதலில் திறந்தவெளிப் பாறையாகத்தான் இருந்தது. விஜயநகரக் காலத்தில் முன்னால் தூண் நிறுத்தி மண்டபம் கட்டிவிட்டார்கள். மழையிலிருந்து காத்தார்கள் என்று நன்றி சொல்லலாம், வெளிச்சத்தை அடைத்துவிட்டார்கள் என்று குறையும் சொல்லலாம். காலை வெயில் தாழ்வாக இருக்கும்போதுதான் உள்ளே நன்றாகத் தெரியும் என்பதால், எட்டு மணிக்குள் இதை முடித்துக்கொண்டு தபசுக்குத் திரும்புவதே சரியான வரிசை. பஞ்ச பாண்டவர் மண்டபமும் அருகேதான் இருக்கிறது. சிங்கத் தூண்களோடு வேலை பாதியில் நின்றது, ஐந்து நிமிடம் போதும்.

பாதியில் நின்ற வேலைகளைத் தேடிப் பார்ப்பது இந்த ஊரின் இன்னொரு சுகம். தெற்கே போகும் சாலையில் இதே தபசுக் காட்சியை மறுபடி செதுக்கத் தொடங்கிக் கைவிட்ட இன்னொரு பாறை நிற்கிறது. உருவங்கள் முரட்டுக் கட்டிகளாக, முகமில்லாமல் நிற்கின்றன. முடிந்த பாறையில் தெரியாத வேலைமுறை இங்கே தெரியும். முதலில் வெளிக்கோடு, பிறகு சுற்றியுள்ள கல்லைத் தாழ்த்துவது, கடைசியில்தான் கண்ணும் மூக்கும். முடியாத குடைவரைகளில் கவனித்தால் பாறையில் கட்டம் கட்டமாகப் பள்ளக்கோடு வெட்டி, நடுவில் எஞ்சிய சதுரங்களை உடைத்து எடுத்தபடியே உள்ளே போயிருப்பது தெரியும். ஊரின் மேற்கு ஓரத்தில், பக்கிங்ஹாம் கால்வாய்ப் பக்கம், பிடாரி ரதங்கள் இரண்டும் வலையன்குட்டை ரதம் ஒன்றும் உண்டு. மேல்தளம் முடிந்து, கீழே வெறும் பாறையாக நிற்கும். சாரம் கட்டாமல் உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கி இறங்கினார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேறெங்கும் இல்லை. ஐந்து ரதத்தில் நெரிசல் இருக்கும்போது இங்கே ஆளே இருக்காது. பெயர்ப்பலகையை நம்பாமல் ஃபோன் வரைபடத்தில் பெயர் போட்டுத் தேடிப் போங்கள்.

ஐந்து ரதம் சாலையில் இரு பக்கமும் சிற்பப் பட்டறைகள். அங்கே நின்று பார்ப்பதற்கும் காசில்லை. 1957-இல் இங்கே தொடங்கிய அரசு சிற்பப் பயிற்சி நிலையம்தான் இன்று கட்டட, சிற்பக்கலைக் கல்லூரியாக இருக்கிறது. 2017-இல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கல்லின் மேல் செங்காவியால் கோடு போடுவது, முரட்டு உளியால் வெட்டு, பிறகு மெல்லிய உளி, கடைசியில் தேய்ப்பு என்ற வரிசையை ஒரே பட்டறையில் வெவ்வேறு சிலைகளில் பார்த்துவிடலாம். தபசைப் பார்த்த கண்ணோடு வந்தால், கல்லை எங்கே ஆழமாக எடுக்கிறார்கள், எங்கே விட்டுவைக்கிறார்கள் என்பது புரியும். கட்டிங் மெஷின் ஓடும் பட்டறையில் காற்று தூசியை அடித்துவரும் பக்கத்தில் நிற்காதீர்கள். அந்தக் கல் தூசி நுரையீரலுக்கு ஆகாது. குழந்தையோடு வந்தவர்கள் உளியும் சுத்தியலும் மட்டும் ஓடும் பட்டறையாகப் பார்த்து நிற்கலாம்.

குறைகள் இல்லாமல் இல்லை. யார், எது, எங்கே என்று உருவம் உருவமாகக் காட்டும் வரைபடம் ஒன்று பாறைக்கு எதிரே இருந்தால் பாதிக் கூட்டம் இன்னும் பத்து நிமிடம் கூடுதலாக நிற்கும். முன்னால் சாலை என்பதால், பின்னோக்கி நகர்ந்து படமெடுப்பவர்கள் வண்டிகளைக் கவனிக்கத் தவறுகிறார்கள். பின்வாங்கும் முன் திரும்பிப் பாருங்கள். பாசிமணி, சங்கு, சின்னக் கல் யானை விற்பவர்கள் விடாமல் கூப்பிடுவார்கள், ஒரு முறை வேண்டாம் என்றால் பெரும்பாலோர் போய்விடுவார்கள். காரில் வந்தால் வண்டிக்குக் கட்டணச் சீட்டு உண்டு. சனி, ஞாயிறு, பொங்கலை ஒட்டிய நாட்களில் பத்து மணிக்கு மேல் ராஜ வீதிகளில் வண்டி நிறுத்துவது பெரும்பாடு. கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு நடப்பதே மேல், ஊர் சின்னதுதான். தபசிலிருந்து கடற்கரைக் கோயில் ஒரு கிலோமீட்டருக்குள், ஐந்து ரதம் தெற்கே சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர்.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் 60 கிலோமீட்டருக்குள். ரயிலில் வருபவர்கள் செங்கல்பட்டில் இறங்கி அங்கிருந்து பேருந்து பிடிக்க வேண்டும், 30 கிலோமீட்டர் இருக்கும். காலை ஏழு மணிக்கு ஊருக்குள் இருந்தால் கிருஷ்ண மண்டபம், தபசு, முடியாத தபசு மூன்றையும் பத்துக்குள் பார்த்துவிடலாம். டிக்கெட் அதற்குப் பிறகு எடுத்தால் போதும். ஒரு டிக்கெட்டிலேயே கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதமும் அடங்கும், அதே நாளில் இரண்டையும் முடிக்க வேண்டும், சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள்.

கடையில் சிலை வாங்கும் எண்ணம் இருந்தால் ஒரு வார்த்தை. மாக்கல்லை நகத்தால் அழுத்திக் கீறினால் கோடு விழும், கருங்கல்லில் விழாது. அச்சில் வார்த்த பொம்மையைக் கல் என்று சொல்லி விற்பதும் நடக்கிறது. அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். பக்கவாட்டில் மெல்லிய ஒட்டுக்கோடு ஓடினாலோ, பருமனுக்குத் தக்க கனம் இல்லாவிட்டாலோ, அது உளி படாதது. விலையை அதற்கேற்பப் பேசுங்கள்.